ஆறப்போட்ட கிருமி

வேலப்பனிடம் எதைக் கேட்டாலும் தன் பூண்டுக்காட்டை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். மாட்டுக்கு வயிற்றுப்போக்கா, மருமகனோடு மனத்தாங்கலா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: "கொஞ்சம் ஆறப்போடு." கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் அந்த மலையூரில், பூண்டு எடுத்த காட்டில் உடனே மறுபடி பூண்டு போடமாட்டார்கள். சும்மா போட்டு வைப்பார்கள், இல்லையென்றால் பீன்ஸ் போடுவார்கள். ஆறின மண் அள்ளிக் கொடுக்கும். மண்ணுக்குச் சரியாக இருப்பது மற்றதற்கு ஏன் சரிப்படாது என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலையும் ஆறப்போட்டிருப்பார்.

அந்த மழைக்காலத்தில் மண்வெட்டி அவருடைய வலது கால் பெருவிரலைப் பதம் பார்த்தது. மெடிக்கலில் புண்ணுக்கென்று கேட்டு மாத்திரை வாங்கினார். வீக்கம் வற்றியதும் நிறுத்தினார். திரும்ப வீங்கியது, மிச்சத்தில் ரெண்டைப் போட்டார். வற்றியது, நிறுத்தினார். தீபாவளி கழிந்து பார்த்தால் எந்த மாத்திரைக்கும் புண் மசியவில்லை.

மனைவி முருகம்மாள்தான் விடாப்பிடியாக அவரை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புண்ணிலிருந்து சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்த டாக்டரம்மா தமிழ்மதி நேராகவே சொன்னார்.

"ஐயா, வழக்கமான மருந்துக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாது. கேக்குற மருந்து இன்னும் ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஒருவேளைகூட விடாமச் சாப்பிடணும். விட்டா விரலை எடுக்க வேண்டி வரும். அதுக்கும் மேல போனா காலுக்கே ஆபத்து."

வேலப்பன் பயந்துதான் போனார். கால் இல்லாதவனுக்கு மலைச்சரிவில் என்ன சோலி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், புண்ணும் காய ஆரம்பித்தது. அங்கேதான் அவருக்கு யோசனை வந்தது. பழைய மருந்தெல்லாம் கிருமிக்குப் பழகிப்போனது மாதிரி, விடாமல் போட்டால் இதுவும் பழகிவிடாதா? காட்டை ஆறப்போடுவது போல இதையும் கொஞ்சம் ஆறப்போட்டால், கிருமி பழைய பழக்கத்தை மறந்துவிடும். பிறகு திடீரென்று மருந்தைக் கொடுத்தால் ஒரே அடியில் ஒழிந்துபோகும். இப்படித்தான் கணக்குப் போட்டார். முருகம்மாளிடம் மூச்சு விடவில்லை.

புண்ணைத் தினமும் வெந்நீரில் கழுவித் துணி கட்டியவள் அவள்தான். ஒருநாள் துணியை அவிழ்த்ததும் வாடை அடித்தது. மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தன மாத்திரை அப்பிடியே கெடக்கு?"

"ஆறப்போட்டிருக்கேன்," என்றார் வேலப்பன்.

மறுநாள் வெள்ளனே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பெருவிரலை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தால் அவர் கேட்டது வேறு.

"ஏன் ஐயா நிறுத்துனீங்க?"

வேலப்பன் தன் கணக்கைச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை.

"மண்ணு ஆறும் ஐயா. கிருமி ஆறாது, பெருகும். பெருகும்போது எங்கயாவது ஒண்ணு ரெண்டு மாறிப் பொறக்கும், மருந்துக்கு ஈடு குடுக்குற மாதிரி. நீங்க பாதியில நிறுத்துனா, சாகுறது செத்துப்போகும். தாங்குனது எடத்தப் பிடிச்சுக்கும்."

"அப்ப இப்ப என் கால்ல இருக்கது மொத இருந்த கிருமி இல்லையா?"

"அதோட வாரிசு."

வேலப்பனுக்குத் தலை சுற்றியது. பழகியதும் இல்லை, மறந்ததும் இல்லை என்றால் அங்கே நடந்ததுதான் என்ன? மருந்தைத் தாங்கின கிருமி நின்றது. நின்றதுதான் பெருகியது. தனக்கே சொல்வது போலச் சொன்னார்:

"நோய்க்கு விழாம நின்ன பூண்டத்தான் விதைக்கு எடுத்து வைப்போம். நான் அதுக்கும் விதை எடுத்துக் குடுத்திருக்கேன்."

சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காத மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். போகட்டும், ஒரு விரல்தானே, அதோடு இந்தப் பீடையும் ஒழியும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு முருகம்மாளைப் பார்த்தார். அவள் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். இழுத்துப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நகக்கண்ணோரம் சிவந்து வீங்கியிருந்தது.

"களை எடுக்கையில முள்ளு குத்துச்சு. கொஞ்ச நாளா இருக்கு," என்றாள்.

வேலப்பன் அந்தக் கையை டாக்டரிடம் நீட்டினார்.

"இவ ஒரு மாத்திரைகூடத் தின்னதில்லம்மா. இவளுக்குச் சாதாரண மருந்தே கேக்கும்ல?"

டாக்டர் அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும். உங்க புண்ணுலருந்து போயிருந்தா, உங்களுக்குக் கேக்காதது அவங்களுக்கும் கேக்காது."

தன் விரலை எடுக்கவேண்டும் என்று சொன்னபோது வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது.