ஒரு ஓட்டுக்கு வாங்கிய அடி

சாரதாமணியின் வார்டில் எண்பத்தாறில் ஒரு நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது தொண்ணூற்றாறில்தான். இடைப்பட்ட பத்து வருடமும் அவள் வீட்டில் தினம் தேர்தல்தான்.

எண்பத்தாறில் நின்றவர்கள் இருவர். ஒருவன் அவள் புருஷன் லிங்கசாமி. நாலு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு 'பனியன் கம்பெனி அதிபர்' என்று நோட்டீசில் அச்சடித்துக்கொண்டவன். மற்றவன் அடுத்த தெருவில் இருந்த அவள் உடன்பிறந்த அண்ணன் ஆறுமுகசாமி. அண்ணன் ஒரே ஓட்டில் ஜெயித்தான். அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று லிங்கசாமிக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்ததும், "பொறந்த ஊட்டுப் பாசம் உட்டுப் போகுமா?" என்று கன்னத்தில் அறைந்தான்.

"இல்லீங்க, உங்களுக்குத்தானுங்க போட்டேன்" என்றாள். உண்மை அதுதான். அந்த மண்டையில் ஏறினால்தானே!

அன்றிலிருந்து அண்ணன் தெருவில் அவள் கால் வைக்கக் கூடாது. அம்மா செத்தபோதுகூட விடவில்லை. பாடை அவள் வீட்டு வழியாகத்தான் போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அண்ணனாவது வந்து கூப்பிட்டானா? "அவ ஊட்டுக்காரன் வந்து கேக்கட்டும்" என்று வீம்பாக இருந்துவிட்டான். இரண்டு பேரும் நாசமாய்ப் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதில் என்ன தப்பு?

தொண்ணூற்றாறில் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆறுமுகசாமி மனைவி கமலாம்பாளை நிறுத்தினான். லிங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு சாரதாமணியை நிறுத்தினான்.

ஓட்டுக் கேட்கப் போகிறவர்கள் எதிரி வீட்டையும் விடக் கூடாது. விட்டால் திமிர் என்று பேச்சாகும். அதனால் லிங்கசாமியே மேளமும் கொடியுமாக அவளை அந்தத் தெருவுக்குள் கூட்டிப் போனான். "கும்புட்டுப்போட்டு உடனே வந்துரோணும்" என்று உத்தரவு வேறு.

அண்ணன் வாசலை மறித்து நின்றான். உள்ளே சுவரில் மாலையோடு அம்மா படம் தெரிந்தது.

"அண்ணா, அம்மாவைக் கும்புட்டுக்கறேன்."

"உம்பட ஊட்டுக்காரன் வந்து கேக்கட்டும்."

"போதும் வா, அடுத்த ஊடு" என்று பின்னாலிருந்து கத்தினான் லிங்கசாமி.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு எவன் அவள்மேல் கை வைத்தாலும் தெரு ஓட்டு மொத்தமும் அவன் கையை விட்டுப் போய்விடும். அண்ணனை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். இரண்டு வீராதிவீரர்களும் மரம்போல் நின்றார்கள்.

படத்தின் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கமலாம்பாளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பீரோவைத் திறந்து, அம்மாவின் அரக்குச் சேலை ஒன்றை எடுத்து சாரதாமணியின் மடியில் வைத்தாள். "உனக்குன்னுதான் எடுத்து வெச்சிருந்தேன் கண்ணு. குடுத்தனுப்ப இந்த ஆளு உடவே இல்லை."

கமலாம்பாள் முந்நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். அப்போதும் லிங்கசாமிக்கு அந்த ஒரு ஓட்டுத்தான் கண்ணை உறுத்தியது.

"யாருக்குடி போட்டே?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டிருந்த சாரதாமணி நகரவில்லை.

"கமலாம்பாளுக்குத்தானுங்க. அதுக்கு உண்டான அடியைப் பத்து வருசத்துக்கு முந்தியே வாங்கிட்டேன். ஓட்டை இப்பத்தான் போட்டேன்."