அழுது காப்பாற்றிய கம்பெனி

அந்த விளம்பர ஏஜென்சியில் அவளுக்கு இடிதாங்கி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

வாடிக்கையாளர்கள் ஏன் வருஷக்கணக்கில் தன்னிடமே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலாளி மேடை மேடையாகப் பேசுவார். நம்பிக்கை என்பார், உழைப்பு என்பார். மண்ணாங்கட்டி! விளம்பரத்தில் தப்பு வந்தால், சண்டைக்கு வந்த வாடிக்கையாளரைக் கூட்ட அறையில் உட்காரவைத்து, அவர் கண்ணெதிரே இடிதாங்கியைக் கூப்பிட்டுக் கிழிகிழி என்று கிழிப்பார். தப்பு யாருடையதாக இருந்தால் என்ன? அவள் தலையைக் குனிந்து கண்ணீர் விடுவாள். வந்தவர் மனசு இளகி, "விடுங்க சார், பாவம்" என்பார். ஒப்பந்தம் இன்னொரு வருஷம் நீளும். அவர் போனதும் முதலாளியே அவள் மேஜையில் காபி கொண்டுவந்து வைப்பார்.

வீட்டில் கணவன் முதுகு ஒடிந்து கிடந்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இரண்டு சொட்டுக் கண்ணீரில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டாள்.

ஒருநாள் மெத்தைக் கம்பெனிக்காரர் கொதித்துப்போய் வந்தார். முதலாளியின் மகன் அவருடைய விளம்பரத்தில் போட்டிக் கம்பெனியின் போன் நம்பரைப் போட்டுத் தொலைத்திருந்தான். வழக்கம்போல இடிதாங்கிக்கு அழைப்பு. முதலாளி கத்தினார், அவள் அழுதாள். அன்றைக்கென்று அழுகை நன்றாகவே வந்தது.

மெத்தைக்காரர் இளகவில்லை. "இவங்க போனாத்தான் நான் இங்க இருப்பேன்."

"இப்பவே அனுப்பிடறேன் சார்," என்றார் முதலாளி.

இதுவும் நாடகத்தில் சேர்த்தி என்று அவள் நினைத்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய்த் தெருமுனையில் நின்றாள். மெத்தைக்காரரின் கார் போனதும் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையில் காபி இல்லை.

முதலாளி வந்தார். "ஏம்மா திரும்பி வந்த?"

"சும்மாதானே சார் சொன்னீங்க?"

"சும்மாதான். ஆனா அவர் நம்பிட்டாரே. நாளைக்கு வந்து உன்னை இங்க பார்த்தா, என்னைப் பத்தி என்ன நினைப்பார்?"

"தப்பு உங்க பையன் பண்ணது சார். வீட்டுல அவர் படுத்த படுக்கையா இருக்கார்."

"தெரியும்மா."

அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்து மேஜைகளில் ஒருவரும் நிமிரவில்லை. எத்தனை தடவை பார்த்த அழுகை!

முதலாளி மட்டும் அவள் தோளைத் தட்டினார். "போதும்மா, நிறுத்து. அவர்தான் போயிட்டாரே."