தாய்மாமன் மடியும் மாவுக்கட்டும்

என் காலு ஒடிஞ்சதுக்குக் காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. கேக்குறவுககிட்ட எல்லாம் முக்காலி வழுக்கிருச்சுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். முக்காலி பாவம், அது பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருந்துச்சு.

தேவாரத்துல கட்டிக் கொடுத்த என் தங்கச்சி, மகளுக்குக் காதுகுத்து வச்சிருந்தா. கல்யாணமாகி எட்டு வருசம் கழிச்சுப் பொறந்த பிள்ளை, இப்ப மூணு வயசு. எங்க பக்கம் காது குத்துறப்போ பிள்ளை தாய்மாமன் மடியிலதான் உக்காரணும். தங்கச்சிக்குக் கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன்தான். பிள்ளை பொறந்த அன்னைக்கே ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, "அண்ணே, மடியைத் தயாரா வச்சுக்க"ன்னா. நானும் மூணு வருசமாத் தயாராத்தான் வச்சிருந்தேன்.

விசேஷத்துக்கு அஞ்சு வாரம் இருக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் எங்க திராட்சைத் தோட்டத்துல, பந்தலுக்கு அடியில முக்காலி மேல நின்னு கொடி கட்டிக்கிட்டு இருந்தேன். காதுகுத்துக்கு வைக்கிற போர்டுக்கு ஒரு மாதிரிப் படம் போட்டு, ஃப்ளெக்ஸ்காரரு போன்ல அனுப்பியிருந்தாரு. பாத்தா, தாய்மாமன் நான் கீழ் மூலையில தபால்தலை அளவுக்கு இருக்கேன். மேல நடுவுல, கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிறான் எங்க பெரியப்பா மகன். வரப்புத் தகராறுல அவனுக்கும் எனக்கும் ஆறு வருசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. ஃப்ளெக்ஸ்காரருக்குப் போனைப் போட்டுப் பிடிச்சேன் ஒரு பிடி. கோவம் வந்தா எனக்கு வாய் மட்டும் பேசாது, கையும் காலும் சேந்து பேசும். காலு பேசப் போன எடத்துல முக்காலி இல்ல.

முழங்காலுக்குக் கீழ எலும்பு ஒடிஞ்சு, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. "ஆறு வாரம் போகட்டும், படம் எடுத்துப் பாத்துட்டுப் பிரிப்போம்"னாரு டாக்டரு. விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். ஒரு வாரம் இடிச்சுச்சு.

"உங்களுக்கு ஏழரை நடக்குது, குச்சனூரு சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள்ளு வெளக்குப் போட்டுட்டு வாரேன்"னா எம் பொண்டாட்டி. போற போக்குல, "சனி வேற எங்கனயும் இல்ல, உங்க வாயிலதான் இருக்கு"ன்னும் சொல்லிட்டுப் போனா.

பாக்க வந்தவுக யாரும் வெறுங்கையோட வரல. ஆப்பிள், ரொட்டி, பன்னு. ஒரு மகராசன் திராட்சைக்காரனுக்கே ரெண்டு கிலோ திராட்சை வாங்கிட்டு வந்தாரு. வந்தவுக அத்தனை பேரும் எலும்பு டாக்டருதான். ஆட்டுக்கால் சூப்பு குடிச்சா எலும்பு கூடிரும்னு எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னாக. குடிச்ச குடியில, தெருவுல போற ஆட்டை நிமிந்து பாக்கவே எனக்குக் கூச்சமாப் போச்சு.

ஞாயித்துக்கிழமை ஆனா தங்கச்சி மகளைக் கூட்டிட்டு வந்துருவா. பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால கட்டு மேல மயில் வரைவா. கத்திரிக்கா மாதிரித்தான் இருக்கும். அப்புறம் என் தொடைப் பக்கமாக் கட்டு மேலயே ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்து, டுர்ர்ருன்னு பைக் ஓட்டுவா. எனக்கு வலிக்கும். வலிக்குதுன்னு சொன்னா எறக்கி விட்டுருவாகளேன்னு சொல்ல மாட்டேன்.

அஞ்சாவது வாரம் தங்கச்சி மாமியாரு பாக்க வந்தாக. "தம்பி, முடியாத காலை வச்சுக்கிட்டு செரமப்படாதீக. ஒங்க பெரியப்பா மகன் இருக்காகல்ல, அவுக மடியில உக்கார வச்சிருவோம்"னாக. நல்ல மனசோடதான் சொன்னாக. எனக்குத்தான் உச்சியில இருந்து ஒடிஞ்ச எலும்பு வரைக்கும் சூடேறிருச்சு.

மறுநா பொண்டாட்டி சீர்ச்சேலை எடுக்கத் தேனிக்குப் போயிட்டா. நான் கவாத்துக் கத்தரியை எடுத்தேன். திராட்சைக் கொடி வெட்டுற கத்தரி அது. அது கையில இருந்தா, எங்க ஊர்க்காரனுக்கு ஒலகத்துல வெட்ட முடியாதது ஒண்ணும் இல்லேன்னு ஒரு நெனப்பு. குழாயடியில காலை நீட்டித் தண்ணியைத் திறந்து விட்டு, கட்டு ஊற ஊற வெட்டுனேன். ஒரு மணி நேரத்துல காலு வெளிய வந்துச்சு, தோலுரிச்ச முருங்கைக்கா மாதிரி. எந்திரிச்சு ஒரு எட்டு வச்சேன், சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது எட்டுல கண்ணு இருட்டிருச்சு.

டாக்டரு புதுப் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு. "கொடியக் கவாத்துப் பண்ணா தளிர்க்கும். காலு தளிர்க்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னாக?" எலும்பு லேசா நகண்டிருந்துச்சு. மறுபடி மொதல்ல இருந்து ஆறு வாரம். வீட்டுக்கு வந்ததும் பொண்டாட்டி கத்தரியை எடுத்து, நகையோட நகையா பீரோவுல வச்சுப் பூட்டிட்டா.

அன்னைக்கு அழுதேன். சொல்றதுக்கு என்ன வெக்கம்? தங்கச்சிக்குப் போனைப் போட்டு, "ஆத்தா, என்னால முடியலம்மா, அவனையே உக்காரச் சொல்லு"ன்னேன். அவ பட்டுன்னு போனை வச்சுட்டா.

காதுகுத்து அன்னைக்கு, தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரக் கோயில்ல, தூணுல சாஞ்சு காலை நீட்டி ஒரு ஓரமா உக்காந்திருந்தேன். பாயில பெரியப்பா மகன் பட்டு வேட்டியோட சம்மணம் போட்டுத் தயாரா இருந்தான். மாமியாரு பிள்ளையை அவன்கிட்டக் கொண்டு போனாக. தங்கச்சி குறுக்க போயி நின்னா.

"அத்தே, எங்கண்ணன் மடிதான்."

"காலை நீட்டிக்கிட்டு இருக்காக. சம்மணம் போட்டாத்தானத்தா மடி?"

பதினோரு வருசமா அந்த வீட்டுல எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ, அன்னைக்குப் பேசுனா. "எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த ஆணு கிடையாது அத்தே. எனக்குக் காது குத்தையில மடி கொடுக்க ஆளு இல்லேன்னு, பத்து வயசுல எங்கண்ணன்தான் உக்காந்தாரு. அப்ப அவருக்கு டவுசர் கூட இடுப்புல நிக்காது. அது மடின்னா, இதுவும் மடிதான்."

மாமியாரு என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தாக. பிள்ளையை எறக்கி விட்டாக. அது யாரையும் கேக்கல, நேரா ஓடியாந்து மாவுக்கட்டு மேல ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்து டுர்ர்ருன்னுச்சு.

"மாமன் ஆடாம இருக்கணும்"னாரு காது குத்துற ஆசாரி. "கட்டிப் போட்டுத்தான் வச்சிருக்கு, நீங்க குத்துங்க"ன்னேன். பெரியப்பா மகன் எந்திரிச்சு வந்து, தோள் துண்டை மடிச்சு என் குதிகாலுக்கு அடியில வச்சான். "காலை ஆட்டாத"ன்னான். ஆறு வருசத்துல அவன் எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு.

தங்கக் கம்பி எறங்குனதும் பிள்ளை என் கையைப் பிடிச்சுக் கட்டை விரலுக்குக் கீழ ஒரு கடி கடிச்சா பாருங்க, மாவுக்கட்டு வலியெல்லாம் மறந்து போச்சு. ரெண்டு காதும் முடிஞ்சப்புறம் தங்கச்சி என் கையை இழுத்துத் தடத்தைப் பாத்தா. "அன்னைக்கு நானும் இங்கனதான்ணே கடிச்சேன்"னா. எனக்கு அது மறந்தே போயிருந்துச்சு. அவளுக்கு மறக்கல.

சொன்ன நாள்ல டாக்டரே மாவுக்கட்டைப் பிரிச்சாரு. பல்லுத் தடம் நாலு நாள்ல மறைஞ்சிருச்சு, அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம்.