தையல்காரம்மா வெட்டிய படகு

உட்காரச் சொன்னால் உடனே உட்கார மாட்டார். நாற்காலியை ஒரு கையால் தூக்கித் தலைகீழாகச் சாய்த்து, அடியில் ஆணி எப்படி இறங்கியிருக்கிறது, பசை எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உட்காருவார். யார் வீடாக இருந்தாலும் சரி. டீ கொண்டுவந்து வைத்தால், கோப்பையைத் தூக்கிவிட்டுத் தட்டின் அடியைப் பார்ப்பார். நாத்தனார் ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"ஏன் அண்ணி, நாங்க என்ன திருடியா வாங்கிட்டு வந்தோம்?"

"அட, அது இல்லம்மா. மேல எல்லாரும் பளபளன்னுதான் வச்சிருப்பாங்க. செஞ்சவன் யாருன்னு அடியப் பாத்தாத்தான் தெரியும்."

வயது நாற்பத்தெட்டு. வீட்டின் முன்னறையில் இரண்டு மிஷின். தெருவில் எல்லாருக்கும் அவர் 'தையல்காரம்மா'. புதுத் துணி தைப்பதைவிட, அடுத்தவர்கள் தைத்துச் சொதப்பியதைப் பிரித்துச் சரிசெய்யும் வேலைதான் அவரிடம் அதிகம் வரும். சட்டை கைக்கு வந்ததும் உள்பக்கத்தை வெளியே புரட்டிப் போட்டு, "யாரு இந்தப் புண்ணியவான்?" என்பார். வாயோரம் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அவற்றைக் கவ்விக்கொண்டே அவர் பேசுவது முழுசாகப் புரிகிற ஆள் ஒருவர்தான். அவருடைய கணவர்.

கணவர் மெக்கானிக். ஏரிக்கரையில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். எஞ்சின் என்றால் உயிர். மரமோ அவருக்கு எஞ்சினை உட்கார வைக்கிற பெட்டி, அவ்வளவுதான். கரையோர விடுதி ஒன்றை இழுத்து மூடியபோது அங்கே கிடந்த அறுபது வயது மரப்படகைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை அடுப்புக்குப் போட்டுவிடலாம் என்பது திட்டம்.

மதியச் சாப்பாடு எடுத்துவந்த தையல்காரம்மா படகை ஒரு சுற்றுச் சுற்றினார். பக்கப் பலகைகள் அறுபது வருடத்துக்குப் பிறகும் தேன் நிறத்தில் வழவழத்தன. அப்புறம் வழக்கம்போல மண்டியிட்டார், மல்லாந்து படுத்தார், படகுக்கு அடியில் நுழைந்துவிட்டார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஒரு ஸ்குரூ டிரைவர் குடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குத்திய இடமெல்லாம் அது பிடிவரை இறங்கியது. தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது மரம்.

படகுத்துறைத் தச்சரும் வந்து பார்த்தார். அனுபவஸ்தர், பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்கினார். "அடி மொத்தமும் போச்சும்மா. அதப் பிரிச்சீங்கன்னா ரெண்டு பக்கமும் விரிஞ்சுக்கும். அப்புறம் அது படகு இல்ல, பலகைக் குவியல். கொளுத்திப் போட்டுட்டு வேலையப் பாருங்க."

"மேல நல்லாத்தான இருக்கு? அடிய மட்டும் மாத்திட்டா?"

"ஏம்மா, நீ என்ன தச்சு வேல படிச்சவளா?" என்றார் மெக்கானிக்.

"பேண்ட்டு பின்னாடி கிழிஞ்சா பேண்ட்டையா கொளுத்தறோம்?"

தச்சர் சிரித்துவிட்டார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி ஒன்றைப் பிரித்தால் தைத்து முடிக்காமல் விடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

கடப்பாரையோடு வந்த கணவரைத் தையல்காரம்மா கிட்டே நெருங்கவே விடவில்லை. "தொடாதீங்க. கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி குண்டூசி குத்த வேணாமா?" ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்குச் சட்டங்கள் ஒன்பது அடித்துப் படகின் அகலத்தைப் பூட்டினார். மூக்கிலிருந்து வால்வரை ஒரு நூலை இழுத்துக் கட்டினார். செயின் பிளாக்கில் தூக்கிக் கவிழ்த்துப்போட்ட பிறகும் அந்த நூல் அசையவில்லை. அப்புறம்தான் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் பழுப்புக் காகிதத்தில் அச்செடுத்து நம்பர் போட்டார். உளுத்துப்போன விலாக் கட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றினார். பக்கத்துக் கட்டை உறுதியாக நிற்காமல் அடுத்ததைத் தொடவில்லை. காலையில் தையல், மதியத்துக்கு மேல் படகு. இப்படியே இரண்டு மாதம் போயிற்று.

படகின் அடியில் பின்பாதி தட்டை. தண்ணீருக்கென்றே செய்த மெல்லிய பிளைவுட்டை அளந்து வெட்டி, பசை தடவி, ஸ்குரூ முடுக்கி, முதல் அடுக்கை வாலிலிருந்து நடுவரை சுலபமாகவே மூடிவிட்டார். வம்பெல்லாம் மூக்குப் பக்கம்தான். அங்கே படகு வளைகிறது, வளைந்துகொண்டே முறுக்கிக்கொள்கிறது. பிளைவுட் ஒரு பக்கமாக வளையும், முறுக்கினால் ஒத்துக்கொள்ளாது. வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஆறு கிளாம்ப் போட்டு மெக்கானிக் முடுக்க முடுக்க, பலகை முனகியது. பிறகு 'படீர்' என்று நடுவில் பிளந்தது. போகிற போக்கில் புதிதாக வைத்த விலாக் கட்டை ஒன்றையும் சிம்பாகப் பெயர்த்துக்கொண்டு போயிற்று.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?" மெக்கானிக் கிளாம்பைத் தரையில் எறிந்தார். "ரெண்டு மாசம்! எஞ்சின எடுத்துட்டு முடிச்சிருக்கலாம்."

தையல்காரம்மா வாயிலிருந்த ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மெக்கானிக்குக்கு முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள், ஏன் அப்படிக் கத்தினோம் என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலை. காலர் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்திரியை அப்படியே நிறுத்தினார்.

"ஏங்க, கழுத்துப் பட்டிய நேரா வெட்டினா வளைஞ்சு உக்காருமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"உக்காராது. கிராஸ்ல, சாய்வா வெட்டணும். துண்டு துண்டா, கிராஸ்ல!"

காலரை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். பிளைவுட்டை நாலு விரல் அகலப் பட்டைகளாக அறுத்தார். மூக்குப் பக்கத்தில் அவற்றைச் சாய்வாகப் பதித்தார். முதல் அடுக்கு இந்தப் பக்கம் சாய்ந்தால் இரண்டாம் அடுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. முழுப் பலகையாக முரண்டு பிடித்த அதே பிளைவுட், பட்டை பட்டையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் அடுத்ததோடு ஒட்டிப்போகும்படி இழைத்து இழைத்துச் சேர்த்தார். மெக்கானிக் கிளாம்பைப் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் நின்றார்.

பிறகு பசை கையைக் கடித்தது. விரல்கள் தடித்துச் சிவந்து, தோல் உரிந்தது. ஊசி பிடிக்க முடியவில்லை. மிஷின்கள் மூன்று வாரம் உறைபோட்டுக் கிடந்தன. "கையுறை போடுங்க, இல்லாட்டி இந்த வேலைய விட்டுடுங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று மெக்கானிக் தானே படகைக் கொளுத்திவிடத் தயாராக இருந்தார். "அந்தக் கை போச்சுன்னா திரும்ப வருமாம்மா?" என்று கெஞ்சினார். தையல்காரம்மா வீங்கிய விரல்களை மடக்கி, நீட்டிப் பார்த்துக்கொண்டார். புண் ஆறியதும், ஒன்றுக்கு இரண்டாகக் கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆனால் ஒரு குறை சொன்னார்: "கை குருடாப் போச்சுங்க. தொட்டா ஒண்ணும் தெரியல."

அடுத்த வாரம் ஒரு மதியம். மெக்கானிக் ஸ்பானரை எடுக்கக் கொட்டகைக்குள் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

கவிழ்ந்த படகின் மேல் குனிந்து, கன்னத்தை மரத்தோடு வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார் தையல்காரம்மா. கண் மூடியிருந்தது. மூக்கிலிருந்து வால்வரை, ஓரடிக்கு ஓரடி, தூங்கும் குழந்தையின் மேல் கன்னம் வைப்பதுபோல அத்தனை மெதுவாக. பாதி வழியில் நின்றார். "இங்க ஒரு நூலிழை தூக்கலா இருக்கு" என்று, யாரோ வந்ததை உணர்ந்து, கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இரும்பு அளவுகோலை நிமிர்த்தி வைத்தார். அப்போதும் தெரியவில்லை. பின்னால் டார்ச் அடித்தபோது, அளவுகோலுக்கும் மரத்துக்கும் நடுவே முடியளவு வெளிச்சம் கசிந்தது. நூலிழைகூட இல்லை, அதில் பாதி. மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

படகைத் தண்ணீரில் இறக்கிய காலை, தச்சரும் வந்திருந்தார். மெக்கானிக் கைப்பம்பைத் தயாராக வைத்துக்கொண்டு, உள்ளே தண்ணீர் எட்டிப்பார்க்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். தச்சர் படகில் ஏறி, டார்ச்சோடு மூலை முடுக்கெல்லாம் தவழ்ந்தார். வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஒரு சொட்டு இல்ல" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் இன்னொரு தடவை சொன்னார்: "ஒரு சொட்டு இல்ல. யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

"துணி வெட்டத் தெரியும். இது கொஞ்சம் முரட்டுத் துணி, அவ்வளவுதான்."

ஏரியின் நடுவில் மெக்கானிக் எஞ்சினை நிறுத்தினார். தையல்காரம்மா சுற்றிலும் இருந்த தண்ணீரைப் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. காலடியில் இருந்த நடைப்பலகையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மண்டியிட்டு, உள்ளங்கையைப் படகின் அடியில் பதித்தார்.

"இங்க வாங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

மெக்கானிக் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். தையல்காரம்மா அவருடைய கிரீஸ் படிந்த கையை மணிக்கட்டோடு பிடித்து இழுத்து, பிளைவுட்டின் மேல் விரித்து வைத்தார். அரை அங்குலத்துக்குக் கீழே ஏரி முழுவதும் அசைந்துகொண்டிருந்தது. அந்தக் கை விலகிவிடாதபடி அதன் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.