காலியாக இருந்த செவ்வாயும் வெள்ளியும்

பீளமேட்டில் ஒரு கண் மருத்துவமனையில் ஆலோசகராக இருக்கிறேன். கண் அழுத்த நோய் உள்ளவர்களிடம் சொட்டு மருந்தை ஏன் ஒரு நாளும் விடக்கூடாது என்று எடுத்துச் சொல்வது என் வேலை. வலிக்காத நோய் அது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்பாது. வலி இல்லாததால் மருந்தை மறந்துவிடுவார்கள். அப்படி மறக்கிறவர்களை வழிக்குக் கொண்டுவருவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கொரு நினைப்பு இருந்தது.

மாதத்துக்கு ஓர் அட்டை கொடுப்போம். மருந்து போட்ட நாளின் கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு வர வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களிடம் இதில் ஒரு சிக்கல். எதிரே இருப்பவர் மனம் கோணாமல் பேசிப் பழகியவர்கள். போடுகிறீர்களா என்றால் போடறேனுங்க என்பதுதான் பதில். வரிசையில் உட்கார்ந்தபடியே முப்பது கட்டத்துக்கும் மளமளவென்று டிக் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களையெல்லாம் சிரித்து அனுப்பிவிடுவேன். நான் திட்டியது உண்மையைக் காட்டிய ஒருவரை.

அந்த அம்மா துடியலூரிலிருந்து வருவார். மில் வேலையிலிருந்து நின்றவர், அறுபதைத் தாண்டியவர், லைன் வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தார். இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணுக்குத்தான் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சொட்டு. அவருடைய அட்டையில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் காலியாக இருக்கும். மூன்றாவது மாதமும் அப்படியே வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரதமோ பூஜையோ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

“சாமி கும்பிடற நாள்ல கண்ணுக்கு லீவு உட்டர்றீங்களா?” என்று வரிசைக்கே கேட்கும்படி கேட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். தப்புத்தானுங்க அம்மணி, இனிச் சரியாப் போட்டுக்கறேனுங்க என்றார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதை மற்றவர்களிடம் தூக்கிக் காட்டி, இந்த அம்மாவைப் பாருங்கள் என்று பெருமையடித்தேன்.

ஆறு மாதம் கழித்து, பார்வை எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்தபோது வலது கண்ணின் படத்தில் மேல் ஓரம் புதிதாகக் கறுத்திருந்தது. கறுத்த இடத்தில் பார்வை போய்விட்டது என்று அர்த்தம். டாக்டர் அட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். திட்டவில்லை. மருந்தை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா முதலில் என்னைப் பார்த்தார்.

“எங்கூட்ல ஃபிரிட்ஜ் இல்லீங்க. ஊட்டுக்காரம்மா ஊட்ல வெச்சிருக்கறனுங்க. செவ்வா வெள்ளில வெளக்கு வெச்சதுக்கப்புறம் ஒருத்தரூட்டுல போயி ஒரு சாமானத்தக் கொண்டான்னு எப்படீங்க கேக்கறது?”

பொழுது சாய்வதற்குள் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாமே என்றார் டாக்டர். வெளியே வைத்தால் மருந்து வீணாகிவிடும் என்று அம்மணி சொல்லியிருக்காங்களே என்றார் அந்த அம்மா.

சொன்னது நான்தான். பிரிக்காத மருந்துதான் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். பிரித்த பிறகு வெயில் படாத, சூடில்லாத இடத்தில் ஒரு மாதம் வீட்டிலேயே வைக்கலாம். எனக்குத் தெரியும். ஆனால் ஆளாளுக்கு இவ்வளவையும் விளக்க நேரமாகும் என்று, எப்போதும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள் என்று எல்லோரிடமும் சுருக்கமாகச் சொல்லி வந்தேன். ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இத்தனைக்கும் நானே வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றிய பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி தயிர் கொடுக்க மாட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலி என்றதும் எனக்கல்லவா முதலில் உறைத்திருக்க வேண்டும்?

அந்த அம்மாவை வெளியே அழைத்து வந்து, பிரித்த மருந்தை இனி வீட்டிலேயே வைக்கலாம் என்று சொன்னேன். நான் முன்பு சொன்னது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. ஏதோ விதி புதிதாக மாறிவிட்டது போல ஒரு தோரணையில் சொன்னேன். அவர் அதையும் நம்பினார்.

“இனி ஒரு நாளும் உடமாட்டேனுங்க அம்மணி. இப்பக் கறுத்துப்போச்சுன்னாங்களே, அது மறுக்காத் தெளியுங்களா?”

தினமும் பத்துப் பேருக்காவது முகத்துக்கு நேரே நான் சொல்கிற பதில் அது. அவரிடம் மட்டும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.