மெத்தைப் பக்கத்து மைக்

இது உண்மையா நடந்தது. நம்பாட்டி விடுங்கோ, நான் ஒருத்தரையும் காலில விழுந்து கெஞ்சேல்லை. இருட்டில நடந்ததெண்டால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனா இது பட்டப்பகல். காகம் கத்துற மத்தியானம். திருகோணமலை, உட்துறைமுக வீதி.

எங்கட வீதியில இருக்கிற றிக்சனின்ர அக்கா கிறிஸ்டினுக்குத் தொண்டையில கட்டி. திங்கட்கிழமை கண்டியில ஒப்பரேசன். குரல்வளையை எடுக்கத்தான் வேணும், பிறகு கதைக்க ஏலாது எண்டு டொக்டர் நேராவே சொல்லிப்போட்டார். கோயில் பாடற்குழுவில முன்னுக்கு நிண்டு பாடினவ. அந்தக் குரல் போகமுதல் ஒருக்காப் பதிஞ்சு அம்மாவின்ர கையில குடுக்கவேணும். றிக்சனுக்கு அந்த ஒண்டுதான் வேணும்.

ஸ்டூடியோவுக்குப் போற வசதி எங்க? வீட்டு அறையிலதான் பதியவேணும். மைக் செற் வாடகைக்கு விடுற முனீப்தான் கைகுடுத்தான். "ஒவ்வொரு மைக்கின்ர வயரையும் தனித்தனியக் கொம்பியூட்டரில குத்தாத மச்சான். ஒண்டு முந்தும், ஒண்டு பிந்தும்" எண்டு சொல்லி, நாலு மைக் குத்துற பெட்டியொண்டைத் தந்தான். மைக் நாலும் நாலு சாதி. ஒண்டு கிறிஸ்டினுக்கு, ஒண்டு கூடப் பாடுற சிநேகிதன் சிறிலுக்கு, ஒண்டு சிறிலின்ர கிற்றாருக்கு. நாலாவது, அறைச் சத்தத்துக்கு. எதிரொலி அடங்கட்டும் எண்டு முனீப் எங்கேயோ ஒரு பழைய மெத்தையும் வாங்கி வந்திருந்தான். அதைச் சுவரில சாத்தி, நாலாவது மைக்கை அதுக்குக் கிட்ட வைச்சாங்கள்.

கொம்பியூட்டரும் றிக்சனும் குசினிக்குள்ள. வயர் கதவுக்குக் கீழால. சத்தம் வருமெண்டு அறைக் காத்தாடியையும் நிப்பாட்டியாச்சு.

முதல் தரம் பாடினாங்கள். கிறிஸ்டினின்ர குரல் கரகரத்து உடைஞ்சுது. றிக்சன் ஒவ்வொரு மைக்கிலயும் பதிஞ்சதைத் தனியத் திறந்து கேட்டான்.

நாலாவதில... மூச்சு.

பாட்டின்ர ஒவ்வொரு அடிக்கும் முன்னம் ஆரோ மூச்சை உள்ளுக்கு இழுக்குது. பாடப்போற ஆள் இழுக்கிற மாதிரி. மெத்தைப் பக்கம் ஒருத்தரும் நிக்கேல்லை. வயர் பழுதாக்கும் எண்டு வயரை மாத்தினான்.

இரண்டாந்தரம். நாலாவது சுத்தம். மூச்சு இப்ப கிற்றார் மைக்கில.

மூண்டாந்தரம். சிறிலின்ர மைக்கில. ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

சிறிலுக்குப் போட்டுக் காட்டினான். அவன் பிடரியைத் தடவினான். "பாடேக்க இதில சூடாப் பட்டது மச்சான். காத்தெண்டு நினைச்சன்."

"காத்தாடி நிண்டுதானே கிடக்கு?"

அவ்வளவுதான். மாதாவே எண்டு கத்திக்கொண்டு ஓடினவன், செருப்பும் போடேல்லை.

இனி மிச்சம் கிறிஸ்டினின்ர மைக்.

"விடுவம் அக்கா."

"நாளைக்கு விடிய கண்டிக்குப் போக வான் வந்திடும். கிற்றார் பதிஞ்சு கிடக்குத்தானே? அதை என்ர காதில போடு. தனியப் பாடுறன்."

"அது உங்களிட்ட வந்தா?"

"என்னட்ட எடுக்க இனி என்னடா கிடக்கு? போடு."

கதவைச் சாத்தினா.

கிற்றார் ஹெட்போனில அக்காவின்ர காதுக்குப் போச்சுது. பிறகு... கொம்பியூட்டரில பாட்டு.

கரகரப்பில்லை. உடையேல்லை. கட்டி வரமுதல் இருந்த அதே குரல். நடுவில துறைமுகத்துக் கப்பல் ஒண்டு ஊதிச்சுது. பூம்ம்ம்... பாட்டு நிக்கேல்லை. றிக்சன் விம்மி விம்மி அழுதான்.

கதவைத் திறந்து வந்த கிறிஸ்டின் தண்ணி குடிச்சா.

ஒப்பரேசன் முடிஞ்சுது. பாட்டை அம்மாவின்ர போனில போட்டுக் குடுத்தான் றிக்சன். இன்னும் கொஞ்சம் திருத்துவம் எண்டு ஒருநாள் இருந்தவன், கிறிஸ்டினின்ர மைக்கைத் தனியத் திறந்தான்.

கப்பல் ஊதுது. காகம் கத்துது.

பாட்டு இல்லை.

மெத்தைப் பக்கத்து நாலாவதைத் திறந்தான்.

பாட்டு. வாயை மைக்கில ஒட்டிவைச்சுப் பாடின மாதிரி. அதில காகம் இல்லை.

கப்பல் ஊதவேயில்லை.

முனீப்புக்குக் கோல் எடுத்தான்.

"அந்த மெத்தை ஆரின்ர?"

"உப்புவெளியில மௌத்தான ஒரு மனுசியின்ர. தொண்டை ஒப்பரேசனுக்குப் பிறகு அதிலதானாம் கிடந்தவ. ஒரு சொல் கதைக்காமலே செத்துப்போயிட்டாவாம். ஏன் மச்சான்?"

றிக்சன் போனை வைச்சிட்டான். அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினான். கண்டியில இருந்து பதில் வந்தது.

"அண்டைக்கு நான் பாடேல்லையடா தம்பி. குரலே வரேல்லை. வாயை மட்டும்தான் அசைச்சனான். கதவுக்கங்கால நீ அழுதது கேட்டது. அதான் சொல்ல மனம் வரேல்லை."

மெத்தையை மெசேஜ் வந்த அண்டைக்கே எரிச்சாச்சு. ஆனா அம்மா அந்தப் பாட்டைப் போட்டுக் கேக்காமல் படுக்கிறதில்லை. போன கிழமை றிக்சன் துணிஞ்சு, முதல் தரம் பாடின கரகரத்த பாட்டை அவவுக்குப் போட்டான். அதுதான் உண்மையில கிறிஸ்டின் பாடினது.

அம்மா முகத்தைச் சுழிச்சா.

"அதை நிப்பாட்டு. என்ர பிள்ளையின்ர குரலைப் போடு."