அம்மாவின் பெயர் கூப்பிடப்பட்ட நாள்

அம்மா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றார்கள். எழுத உட்கார்ந்தால் நெஞ்சு வேகிறது.

அம்மா கடுகண்ணாவையில் ஒரு தேநீர்க் கடைக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவைக் கைப்பிடித்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார். இருவரும் வயிற்றைக் கட்டி, சீட்டுக் கட்டி வாங்கியதுதான் உங்களில் பலர் உண்டு உறங்கிய அந்த வீடு. அப்பா காலமானதும், முன்னறையில் வாடகைக்கு இருந்தவர் வாடகையை நிறுத்தினார். வீடே தன்னுடையது என்று ஓர் உறுதிப் பத்திரத்தையும் நீட்டினார். கள்ள உறுதி! அன்று பிடித்தது எங்களுக்குச் சனி.

வழக்குப் போட ஒரு சட்டத்தரணி தேடி அம்மா அலைந்த அலைச்சலை யாரிடம் சொல்ல? முதலில் யாரிடம் போய் நின்றாரோ, அவரே அந்த உறுதியை எழுதியவர். அடுத்தவர் பேசிய சிங்களம் அம்மாவுக்குப் பாதிதான் விளங்கியது. கடைசியில் கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, தமிழ் பேசும் ஒருவர் அகப்பட்டார். அதுவே தெய்வச் செயல் என்று நம்பினார் அம்மா. இடியப்பம் அவித்து விற்ற காசை, வழக்குக் கூப்பிடும் ஒவ்வொரு தவணைக்கும் வெற்றிலையில் வைத்துக் கொடுப்பார். அந்தச் சட்டத்தரணி போட்ட கட்டளை ஒன்றுதான்.

“நான் வர்ற வரைக்கும் கோர்ட்டுல வாயத் தொறக்கக் கூடாதும்மா. ஒரு வார்த்த பேசினாலும் கேஸ் கெட்டுடும்.”

ஒரு தவணையன்று அவர் வேறு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் பின்வரிசை வாங்கில் இருந்தோம். அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. நீதிபதி ஏதோ எழுதினார், அடுத்த வழக்கு வந்தது. தவணை தள்ளிப்போயிற்று என்று நினைத்து பஸ் ஏறினோம். வழக்காளி வரவில்லையென்று வழக்கே தள்ளுபடியானது மறுவாரம்தான் தெரிந்தது.

“ஐயா, நாங்க அங்கதானே இருந்தோம்!” என்று அழுதார் அம்மா.

“அப்ப ஏம்மா எழும்பி நிக்கல?” என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் கூசாமல்.

வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுக்க இன்னொரு சட்டத்தரணி. அவருக்கு அம்மாவின் காப்பு இரண்டும் போயின. மனு எடுபடவில்லை. வீடு போயிற்று. பிலிமத்தலாவையில் ஓர் அறைக்குக் குடிபோனோம். அம்மாவின் தம்பி, என் மாமா, வரும்போதெல்லாம் ஏசுவார்: “பேரக் கூப்பிட்டா எழும்பத் தெரியாதா அக்கா? இப்பிடியா வாயில்லாப் பூச்சியா இருப்ப?”

“பயந்துட்டேன்டா தம்பி” என்பார் அம்மா. இதைச் சொல்லிச் சொல்லியே மெலிந்தார். சோறு இறங்காமல் போய், அந்த அறையிலேயே கண்ணை மூடினார்.

இடையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாவுக்கும், எட்டு நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அப்பா வழிப் பெரியம்மாவுக்கும் என் நன்றி. கடைசிச் செலவையெல்லாம் ஏற்ற மாமாவுக்கும் நன்றி. ஆனால் மாமா, உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும்.

அன்று பெயரைக் கூப்பிட்டதும் அம்மா எழும்பினார். “ஐயா” என்று வாயும் எடுத்தார். “பேசாதீங்கம்மா, கேஸ் கெட்டுடும்” என்று சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவள் நான். நீங்கள் ஏசிய போதெல்லாம் உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்திலேதான் நின்றேன். அம்மா ஒரு நாளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.